இடையன்குடி கோயிலைக் கட்டியவர்களின் பெயர்கள் வேண்டும்

அன்பான ஊர் மக்களுக்கு ஸ்தோத்திரம்.

நம் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றி யார் எழுதினாலும் 'கால்டுவெல் கட்டிய கோயில்' என்றுதான் தொடங்குகிறார்கள். அவர் இல்லாமல் அது எழும்பியிருக்காது, அதில் சந்தேகமே இல்லை. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் மிஷனரியாக 1841 கடைசியில் நம் ஊருக்கு வந்தார். 1847இல் ஆரம்பித்த வேலை 1880 ஜூலை 6 அன்றுதான் பிரதிஷ்டையில் முடிந்தது. இடையில் 33 வருஷம்! அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததும் (1856) அவர் பிஷப் ஆனதும் (1877) இதற்குள்தான். சரி, கொத்து வேலையும் சித்தாள் வேலையும் பார்த்தவர்கள் யார்?

அன்றைய ஆங்கிலிக்கன் சபையில் கோயில் என்றால் ஐரோப்பாவின் பழைய கோதிக் பாணிதான் என்ற எண்ணம் பலமாக இருந்தது. தேரிச் செம்மணலும் பனையுமான நம் ஊரில் கூர்முனை வளைவுகள் வந்தது அப்படித்தான். தூணை நிறுத்தி அதன்மேல் கல்லைப் படுக்க வைப்பது நம் பக்கத்துப் பழைய கோயில்களின் முறை. கூர்முனை வளைவு அப்படி நிற்காது. கீழே மரச்சட்டம் கொடுத்து, இரண்டு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சேர்க்க வேண்டும். அதுவரை சட்டத்தை உருவ முடியாது. சுண்ணாம்புச் சாந்து வேறு மெதுவாகத்தான் இறுகும். மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரத்தைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள், வியக்க வேண்டியதுதான். ஆனால் நம் கோயில் சன்னல் வளைவுக்குக் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கைவேலை எனக்கு அதைவிடப் பெரிது.

வேலை முடியும் தறுவாயில் தாது வருஷப் பஞ்சம் (1876–78) வந்தது. சபையில் பெரும்பாலோர் பனையேறிக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி நமக்கு எழுத்தில் கிடைப்பதெல்லாம் மிஷனரிமார் எழுதியதுதான். கால்டுவெல் 1849இல் பனையேறும் மக்களைத் தாழ்த்தி எழுதிய புத்தகத்துக்கு அவர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்ததையும் மறந்துவிடக் கூடாது. அவர் செய்த நன்மையை மதிக்கிறேன். அதற்காக நம் முன்னோரை அவர் பார்வையில் மட்டுமே பார்க்க எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா, பெரியப்பா யாராவது கோயில் வேலையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருந்தால், எந்தக் குடும்பம் எந்த வேலை செய்தது என்று தெரிந்த அளவுக்கு எழுதி அனுப்புங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் ஊரிலுள்ள பெரியவர்களிடம் போனில் கேட்டு, குரலையும் பதிவு செய்துவிடுங்கள். வயதானவர்களிடம் முதலில் கேளுங்கள். அப்புறம், ஊரில் இருக்கும் தம்பிமார் சபை ஐயரிடம் (போதகரிடம்) அனுமதி வாங்கிப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தால், கேள்விப்பட்ட பெயர்களைச் சரிபார்க்கலாம்.

கால்டுவெல்லின் கல்லறை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. போதுமான பெயர்கள் சேர்ந்தால், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிடம் பேசி, கட்டியவர்களுக்கும் அங்கே ஒரு கல்வெட்டு வைக்கக் கேட்போம். செலவில் என் பங்கை இப்போதே தருகிறேன்.