பெருந்தொற்றில் குருதிக்கலன் சத்திரசிகிச்சை: எதைத் தள்ளலாம்?

பதிவாளர் மருத்துவர், கொழும்பு
2020 மார்ச் ஊரடங்கு போல இன்னொன்று வந்து ஐசியூக் கட்டில்கள் பாதியானால், வாஸ்குலர் (குருதிக்கலன்) சத்திரசிகிச்சைப் பட்டியலில் எதைத் தள்ளுவது? கொவிட் நோயாளிக்குக் கால் நாடி அடைத்தால் பிசிஆர் முடிவு வரும்வரை நிற்கலாமா?

வாஸ்குலர் நிபுணர், பொரளை
நிற்கவே கூடாது. கால் குளிர்ந்து விரல் அசைய மறுத்தால் அது மணித்தியாலக் கணக்கு. ஆறு மணித்தியாலத்துக்குள் ஓட்டம் திரும்பவேண்டும். தொற்று இருப்பதாகவே எண்ணி, முழுக் கவசத்தோடு தொடங்குங்கள்.

கண்டவுடன் ஹெப்பரின் (குருதி உறையாமல் தடுக்கும் மருந்து), கிலோவுக்கு 80 யூனிட். தொடை நாடியைத் திறந்து 4 ஃபிரெஞ்ச் ஃபோகார்ட்டி (உறைந்த குருதியை இழுத்தெடுக்கும், நுனியில் பலூன் உள்ள குழாய்; ஃபிரெஞ்ச் அதன் தடிப்பளவு), முழங்காலுக்குக் கீழே 3. பலூனுக்கு முறையே 0.75, 0.2 மில்லிலீற்றர்தான் உச்சம். கூட ஊதினால் நாடியின் உட்சுவர் உரிந்து, அதே இடத்தில் திரும்ப உறையும். கொவிட் குருதி ஏற்கெனவே உறையத் துடிக்கிறது, அதனால் இந்தப் பிழைக்கு மன்னிப்பில்லை. குருதி பின்னோக்கிப் பீறிட்டாலும் திருப்தியடையாதீர்கள். மேசையிலேயே சாயம் விட்டுப் படம் எடுங்கள். நேரம் பிந்தியிருந்தால் கெண்டைக்காலின் நான்கு தசை அறைகளையும் இரண்டு கீறலில் அப்போதே திறந்துவிடுங்கள். வீங்கும்வரை பார்த்திருந்தால் தசை போய்விடும்.

தள்ளக்கூடியவை: வெரிகோஸ் நாளம், நடந்தால் மட்டும் வரும் கால்வலி. வயிற்றுப் பெருநாடி வீக்கத்துக்கு ஆண்களில் வழமையான சத்திரசிகிச்சை எல்லை 5.5 செ.மீ.; 2020இல் வெளிநாட்டு மையங்கள் சில அதற்கு மேலும் பொறுத்தன. வலி வந்துவிட்டால் அளவைப் பார்க்கவேண்டாம், அன்றே சத்திரசிகிச்சைக்கு எடுங்கள்.

மயக்கமருந்து நிபுணர், வெள்ளவத்தை
கவட்டுக் கீறலுக்கு வென்டிலேட்டர் தேவையில்லை. 60 கிலோ ஆளுக்கு 1% லிக்னோகெயின் (அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் ஊசிமருந்து) 18 மில்லிலீற்றர்தான் உச்சம். சேலைனில் பாதியாக ஐதாக்கினால் 36 கிடைக்கும், தாராளம். ஹெப்பரின் ஏறியவருக்கு முதுகில் ஊசி வேண்டாம், முள்ளந்தண்டுக்குள் குருதி கட்டலாம். நாடியைக் கவ்வியிருக்கும் கிளாம்பைத் தளர்த்துமுன் சத்தமாகச் சொல்லுங்கள்: காலில் தேங்கிய பொட்டாசியம் இதயத்துக்கு வரும். 10% கல்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் இழுத்துத் தயாராக இருக்கட்டும்.

வாட்டுத் தாதி, தெகிவளை
நீரிழிவுக் காலைத் தள்ளவே வேண்டாம். வட்ஸ்அப் படத்தில் நாற்றம் தெரியாது; மேலே ஒரு சின்னக் கொப்புளம், உள்ளே பாதம் முழுக்கச் சீழ். தொலைபேசியில் மூன்றைக் கேளுங்கள்: காய்ச்சலா, சீனி திடீரென ஏறியதா, செருப்புக்குள் கால் கொள்கிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலோ, கால் செருப்புக்குள் போகவில்லை என்றாலோ, ஊரடங்கானாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் வரச் சொல்லுங்கள்.