தாத்தாவின் இத்தாலி நட்சத்திரம்

குழு: தாத்தா வீடு, பினாங்கு

வெள்ளிக்கிழமை

தம்பி, இரவு 8:14
(படம்)
அலமாரியை ஒழித்தபோது மேல்தட்டில் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே தாத்தாவின் பதக்கங்கள். நடுவில் இருப்பதன் நாடா சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. தேடிப் பார்த்தேன், இத்தாலி நட்சத்திரமாம்! ஹார்பரில் வேலை பார்த்த தாத்தாவுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்?

சித்தி, இரவு 8:16
அதைத் துடைத்து வை கண்ணு. துணியால் மட்டும், பிராசோ பாலிஷ் போடாதே.

அப்பா, இரவு 8:21
தாத்தா ஹார்பருக்கு வந்தது 1947-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ராயல் இந்தியக் கடற்படை. ஜம்னா என்ற கப்பல். ஸ்காட்லாந்தில் கட்டினது, நாலு அங்குலப் பீரங்கி ஆறு. 1943 ஜூலை 10, சிசிலியில் நேச நாட்டுப் படை இறங்கிய நாள். இந்தியக் கப்பல் இரண்டு அங்கே இருந்தன, சட்லெஜும் ஜம்னாவும். படையை இறக்கும் கப்பல்களை விமானம் வந்து அடிக்காமல் காவல் காப்பதுதான் அவற்றின் வேலை.

தம்பி, இரவு 8:22
பெரியப்பா, இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவே இல்லை?

அப்பா, இரவு 8:25
எங்களுக்கே அவர் அதிகம் சொன்னதில்லை. 1993-இல் கட்டாயப்படுத்தி உட்கார வைத்து ஒரு கேசட்டில் பதிந்தேன். அதை உன் அக்காதான் கோலாலம்பூருக்கு எடுத்துப் போனாள்.

நான், இரவு 8:31
என்னிடம்தான் இருக்கிறது. நாடாவில் பூஞ்சை. சௌகிட்டில் ஒரு கடைக்காரர் சுத்தம் செய்து கணினியில் ஏற்றிக் கொடுத்தார். 47 நிமிடம். போன வாரம் முழுக்கக் கேட்டேன். சில இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். போடட்டுமா?

சித்தப்பா, இரவு 8:32
போடு மா.

நான், இரவு 8:40
தாத்தா சொல்வது:

"கப்பல் நிறைய என்றால் எவ்வளவு என்று கேட்கிறாய். கண்ணுக்கு எட்டின வரை. முதல் நாள் ராத்திரி ஒரே காற்று, அலை மேலே ஏறி அடித்தது. பட்டாளத்துக்காரர்கள் சின்னப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குக் காற்று பழக்கம். தொண்டிப் பக்கத்துப் பிள்ளைக்குக் காற்றா புதுசு? விடிந்த பிறகு பயந்தோம். விமானம் சூரியனுக்குள்ளிருந்து வரும். சத்தம் முதலில், உருவம் அப்புறம்."

அப்பா, இரவு 8:44
2,500-க்கும் மேல் கப்பல்கள் அந்தப் படையெடுப்பில். அவர் சொன்னதில் மிகை இல்லை.

நான், இரவு 8:47
ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றைப் பற்றியும் சொல்கிறார். டலம்பா. சிவப்புச் சிலுவை தெரிய விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு நின்றதாம். அன்றைக்கு ராத்திரியே குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்கள். நம் ஆட்களை இங்கே ஏற்றி வந்த ரஜூலா கப்பலின் கம்பெனிதான் அதற்கும். "நம் ஊர் ஆட்கள் ஓடவிட்ட கப்பல்" என்று இரண்டு தடவை சொல்கிறார்.

சித்தி, இரவு 8:49
எங்கள் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாவில்தான் வந்தாங்க. கேட்கவே என்னமோ செய்கிறது.

தம்பி, இரவு 8:50
தாத்தா பீரங்கி சுட்டாரா?

நான், இரவு 8:58
குண்டு எடுத்துக் கொடுப்பவர். பின்பக்கப் பீரங்கிக்கு. எழுதினதைப் போடுகிறேன்:

"குண்டும் பித்தளைக் கூடும் ஒன்றாகவே இருக்கும். அடியிலிருந்து வரும், நான் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுப்பேன். சுட்டதும் வெறும் கூடு பின்னால் வந்து விழும், தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உருளாமல் காலால் தள்ள வேண்டும். தலைக்கு வெள்ளைத் துணி முகமூடி, கைக்கு வெள்ளை உறை, நெருப்பு படாமல் இருக்க. கண் மட்டும் தெரியும். பக்கத்தில் இருப்பவன் பஞ்சாபியா மலையாளத்தானா என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம்."

அப்பா, இரவு 9:01
ஒன்று கிட்டத்தட்ட 29 கிலோ. நம் வீட்டுப் பத்துக் கிலோ அரிசிப் பை மூன்றைச் சேர்த்துத் தூக்கிப் பார். அதை மணிக்கணக்கில்.

பெரியத்தை, இரவு 9:10
இப்போதுதான் பார்த்தேன். பட்டர்வொர்த்தில் மழை, லைன் சரியில்லை.

எங்கள் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, வலது காது கேட்காது. அது பீரங்கியால் வந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம், போதாது. ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்க எப்போதும் இடது பக்கம் போய் நிற்போம். வலது பக்கம் நின்றால் கூப்பிடுவது காதில் விழாது. கோபம் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

சித்தப்பா, இரவு 9:12
ஆமாம் அக்கா! வண்டியில் முன்சீட்டில் உட்கார மாட்டார். ஓட்டுகிறவன் பேசுவது அவருக்குக் கேட்காது, அதுதான்.

தம்பி, இரவு 9:15
பதக்கங்களைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். பர்மா நட்சத்திரமும் இருக்கிறது. ஜப்பான்காரனை விரட்டின கப்பலில் இருந்தவர். பெருமையாக இருக்கிறது பெரியத்தை.

பெரியத்தை, இரவு 9:18
இருக்கட்டும் ஐயா. மாட்டுவதற்கு முன்னால் பர்மா கதையையும் கேள். மா, அந்த இடம் கேசட்டில் இருக்கிறதா?

நான், இரவு 9:19
இருக்கிறது அத்தை. ராத்திரி படுக்க முடியவில்லை அதைக் கேட்டு. நாளைக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை

நான், காலை 10:05
இடம் மியேபோன். பர்மாவில் அரக்கான் கரை. 1945 ஜனவரி 12. நர்படாவும் ஜம்னாவும் கரையைச் சுட்டன, அதன் பிறகு கமாண்டோக்கள் இறங்கினார்கள். தாத்தா:

"அங்கே கடல் இல்லை, சேறுதான். அலையாத்திக் காடு. நம் பாலேக் பூலாவ் பக்கம் பார்க்கிறாயே, அதே மாதிரி வேர். கரையில் மரக்கட்டைகளை நட்டு வைத்திருந்தான் ஜப்பான்காரன், படகு வரக்கூடாது என்று. ராத்திரியே சிலர் போய் வெடி கட்டிவிட்டு வந்தார்கள். காலையில் நாங்கள் ஆரம்பித்தோம். எங்கே போய் விழுகிறது என்று எனக்குத் தெரியாது. மேலே இருப்பவன் கோணம் சொல்வான், கீழே நாங்கள் போடுவோம். இருநூறு கெஜம் கூட்டு என்பான், கூட்டுவார்கள். குறை என்பான், குறைப்பார்கள். எண்தான். பிறகு இறங்கின பிள்ளைகள் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன்."

அப்பா, காலை 10:11
அந்த மாதமே ராம்ரீ, காங்காவ் என்று அடுத்தடுத்து இறங்கினார்கள். அக்யாபில் மட்டும் சுடவில்லை, ஜப்பான்காரன் முன்னாலேயே போய்விட்டான். தாத்தாவுக்கு அக்யாப் பிடிக்கும், "அங்கே ஒரு குண்டும் செலவில்லை" என்பார்.

நான், காலை 10:20
அப்பா, அடுத்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? 31-ஆவது நிமிடம். பாட்டி தேத்தண்ணீர் கொண்டு வருகிறார். கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்கிறது. தாத்தா உடனே பேச்சை நிறுத்திவிடுகிறார். "அப்புறம் சொல்கிறேன்" என்கிறார். பாட்டி போகவில்லை. நாற்காலி இழுக்கும் சத்தம். பாட்டி கேட்கிறார்:

"அந்தக் கரையில் ஊர் இருந்ததா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. 40 நொடி. மின்விசிறியும் ஒரு காக்கையும்தான் கேட்கின்றன. பிறகு:

"காட்டுக்குப் பின்னால் புகை வந்தது. அடுப்புப் புகையா, நாங்கள் போட்டதா என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்."

சித்தி, காலை 10:22
ஐயோ.

அப்பா, காலை 10:30
நினைவிருக்கிறது மா. நான் கேசட்டை நிறுத்தப் போனேன். அம்மா கையைக் காட்டித் தடுத்தார். அதனால்தான் ஓடிக்கொண்டே இருந்தது.

தம்பி, காலை 10:33
பாட்டி ஏன் அப்படிக் கேட்டார்?

பெரியத்தை, காலை 10:52
மெதுவாகத் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 11. ஜார்ஜ்டவுனில் முதல் பெரிய குண்டுவீச்சு. அம்மாவுக்கு 9 வயது, சூலியா ஸ்திரீட் பக்கம் வீடு. விமானம் வரும் சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். நம் விமானம் என்று நினைத்தார்கள். அம்மா தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவனுக்கு 6 வயது. விமானத்தை எண்ணுகிறேன் என்று கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினான். அவ்வளவுதான். அவனுடைய ஒரு செருப்பு மட்டும் பாட்டனாரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பெரியத்தை, காலை 10:58
அடுத்த வாரம் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள், நம் ஜனங்களை விட்டுவிட்டு. கோட்டையில் கொடியை இறக்க ஆளில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்துதான் இறக்கினார். 19-ஆம் தேதி ஜப்பான்காரன் வந்தான். அம்மா இதையெல்லாம் சொல்வார். தம்பியை மட்டும் சொல்ல மாட்டார். எனக்கே கல்யாணத்துக்கு முதல் நாள்தான் சொன்னார்.

தம்பி, காலை 11:01
பெரியத்தை... எனக்கு இது தெரியாது.

பெரியத்தை, காலை 11:07
உனக்கு எப்படித் தெரியும் கண்ணு. அப்பா அதனால்தான் அம்மா இருக்கும்போது கப்பல் கதை எடுக்க மாட்டார். டிசம்பர் 11 வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிடுவார். அம்மா விளக்கு ஏற்றும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார். அது அம்மாவுக்காக என்று நினைத்திருந்தேன். இந்தக் கேசட்டைக் கேட்டால் அது மட்டுமில்லை என்று தோன்றுகிறது.

சித்தப்பா, காலை 11:12
அக்கா, ஆனால் ஜப்பான்காரனை அவர்கள் விரட்டாமல் இருந்தால் நம் கதி? 1945 செப்டம்பர் 3, பிரிட்டிஷ் மரீன் படை இங்கே இறங்கினபோது அம்மாவே ஜெட்டிக்கு ஓடினார் என்று சொல்லியிருக்கிறார்.

பெரியத்தை, காலை 11:16
ஓடினார்தான். கையும் தட்டினார். அப்பா செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் புகை மறக்கவில்லை, அதைச் சொல்கிறேன்.

சித்தி, காலை 11:20
40 நொடிக்குப் பிறகு பாட்டி என்ன சொன்னார் மா? கேசட்டில் இருக்கிறதா?

நான், காலை 11:24
இருக்கிறது சித்தி. "தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க" என்கிறார். அப்புறம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுக்கும் சத்தம். பாட்டியின் குரல் அதற்குப் பிறகு ரொம்பக் கிட்டத்தில் கேட்கிறது. தாத்தாவின் இடது பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா, காலை 11:26
ஆமாம். இடது பக்கம்தான்.

தம்பி, காலை 11:40
பிரேம் கடையில் நிற்கிறேன். பதக்கங்களைத் தனியாக மாட்ட வேண்டாம் என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

பெரியத்தை, காலை 11:43
அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டு. அந்த டின்னைத் தூக்கிப் போடாதே, அதில் அடியில் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார், பார்.

தம்பி, பகல் 12:02
(படம்)
இருக்கிறது பெரியத்தை. பாட்டி கையெழுத்தா? ஒரே ஒரு பெயரும் தேதியும்.

பெரியத்தை, பகல் 12:05
அம்மாவுக்கு எழுதத் தெரியாது ஐயா. அது அப்பா கையெழுத்து.