தெற்கு வீதி குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு, காலை 9:40

கார்த்தி: [படம்]

கார்த்தி: கையிருப்பு மைனஸ் 41,000 பவுண்டு. இந்த மாதச் சம்பளம் போட்டால் இன்னும் கீழே போகும். யாரையாவது விற்றால்தான் உண்டு மச்சி.

மீனா சித்தி: யாரை விற்கப் போகிறாய்???

மீனா சித்தி: கார்த்தி போனை எடு

(கார்த்தி ஒரு செய்தியை நீக்கினார்)

மீனா சித்தி: நீக்கினால் ஆயிற்றா? படித்துவிட்டேன். உன் அப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: பவுண்டில் கடன் எப்படி வந்தது? எந்த வங்கி? எதிலாவது கையெழுத்துப் போட்டாயா?

பிரியா அக்கா: 😂😂😂 அப்பா, அது கம்ப்யூட்டர் கேம். குரூப் மாற்றிப் போட்டுவிட்டான்.

கார்த்தி: மன்னிக்கவும் பெரியப்பா. ஃபுட்பால் மேனேஜர் என்று ஒரு கேம். நாம் பந்தை உதைப்பதில்லை. கிளப்பை நடத்துவதுதான் ஆட்டம். ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, டீம் இறக்குவது, எல்லாம் நம் தலையில். நான் டார்க்கீ யுனைடெட்டை எடுத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஆறாவது படி, நேஷனல் லீக் சவுத்.

மீனா சித்தி: நெஞ்சே நின்றுவிட்டது எனக்கு. கேமுக்கா இவ்வளவு?

முரளி மாமா: டார்க்கீயா! நாய் காப்பாற்றிய டீம்டா அது.

மீனா சித்தி: நாயா?

முரளி மாமா: 1987 மே மாதம். மேலே உள்ள நான்கு படிகள் சேர்ந்த லீக்கின் கடைசி இடத்து டீம் நேராக லீக்கை விட்டே வெளியேற வேண்டும் என்ற விதி வந்த முதல் வருடம். கடைசி ஆட்டம், டார்க்கீ 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மைதான ஓரம் நின்ற போலீஸ் நாய் ஒரு டார்க்கீ ஆட்டக்காரரின் தொடையைக் கடித்துவிட்டது. அவருக்குக் கட்டுப் போட்ட நேரத்தைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் கோல் அடித்து 2-2. டார்க்கீ தப்பியது, லிங்கன் சிட்டி வெளியே போனது. நாயின் பெயர் பிரின்.

பிரியா அக்கா: 2024இல் கிளப்பை வாங்கிய குழுவே அந்த நாயின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது மாமா.

பெரியப்பா: நாய் இருக்கட்டும். கார்த்தி, நீக்கிய படத்தைத் திரும்பப் போடு. வரவு செலவுப் பக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கார்த்தி: எதற்கு பெரியப்பா?

பெரியப்பா: 31 வருடம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் கேட்கிறேன். போடு.

கார்த்தி: [படம்]

கார்த்தி: ஆனால் நான் வரம்பைத் தாண்டவே இல்லை. வாரச் சம்பளத்துக்கு நிர்வாகம் கொடுத்த பட்ஜெட் 13,500. நான் கொடுப்பது 13,200. பச்சை நிறத்தில்தான் காட்டுகிறது.

பெரியப்பா: வாரம் 13,200 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 57,000. மைதானம், பயணம், மற்றவை 9,000. ஆக 66,000 வெளியே போகிறது. உள்ளே வருவது?

கார்த்தி: மாதம் இரண்டு ஆட்டம் நம் ஊரில் நடக்கும். டிக்கெட்டில் 33,000. விளம்பரம், கேன்டீன் எல்லாம் சேர்த்து 8,000.

பெரியப்பா: 41,000. மாதம் 25,000 ஓட்டை. ஜூலையில் பெட்டியில் எவ்வளவு இருந்தது?

கார்த்தி: 1,10,000. சீசன் டிக்கெட் விற்ற பணம் அப்போதுதான் மொத்தமாக வரும். அதைப் பார்த்துத்தான் ஆட்களை எடுத்தேன்.

பெரியப்பா: ஆறு மாதம், ஆறு இருபத்தைந்து 1,50,000. 1,10,000இல் அதைக் கழித்தால் மைனஸ் 40,000. கணக்கில் பிசகே இல்லை. எல்லாம் சரியாக நடந்துதான் நீ இங்கே வந்து நிற்கிறாய். குறுவை அறுத்த பணத்தில் மாடி கட்டிவிட்டு, அடுத்த போகத்து உரத்துக்கு என் முன்னால் வந்து உட்காருவார்கள் பார், அதே முகம்.

பிரியா அக்கா: பட்ஜெட் என்பது செலவழிக்க அனுமதி, அவ்வளவுதான். பணம் வேறு. எங்கள் ஆபீஸிலும் வருடா வருடம் இதே சண்டை.

முரளி மாமா: எல்லாப் படி கிளப்புகளும் மோதும் எஃப்ஏ கோப்பையில் எதுவரை போனாய்?

கார்த்தி: நம் படிக்காரர்கள் இரண்டாம் தகுதிச் சுற்றில்தான் உள்ளே நுழைவோம். நான் அதிலேயே தோற்றுவிட்டேன்.

முரளி மாமா: போச்சு. சின்ன கிளப்புக்கு லாட்டரி அதுதான். உன் பக்கத்து ஊர் எக்ஸிட்டர் சிட்டி 2003இல் லீக்கை விட்டு விழுந்து, கழுத்துவரை கடன், ரசிகர்களே கிளப்பை எடுத்து நடத்தினார்கள். 2005 ஜனவரியில் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு சீட்டு விழுந்தது, ஓல்டு டிராஃபோர்டில். 67,000 பேருக்கு மேல் கூட்டம். 0-0 என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். மறு ஆட்டம் எக்ஸிட்டரில். அதில் ரொனால்டோ, ரூனி ஆளுக்கு ஒன்று போட்டுத் தோற்கடித்தார்கள். தோற்றால் என்ன, இரண்டு ஆட்டத்து டிக்கெட் பணத்திலும் பங்கு. கிளப் பிழைத்ததே அதில்தான்.

கார்த்தி: நிஜத்தில் இப்போது அந்த மறு ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள் மாமா, 2024-25இலிருந்து. நான் வைத்திருக்கும் கேமின் 24ஆம் பதிப்பில் மட்டும் உண்டு. 25ஆம் பதிப்பை ரத்தே செய்துவிட்டார்கள். 26ஐ என் லேப்டாப் தாங்காது.

பெரியப்பா: லாட்டரியை நம்பி நான் கடன் கொடுத்ததில்லை. ஆள் எத்தனை பேர்?

கார்த்தி: 29.

பெரியப்பா: ஆடுவது 11.

கார்த்தி: காயம் படும் பெரியப்பா, 46 ஆட்டம் இருக்கிறது.

பெரியப்பா: சரி. இந்த சீசனில் ஐந்து ஆட்டம்கூட ஆடாதவர்கள் எத்தனை பேர்?

கார்த்தி: ஏழு. ஆளுக்கு வாரம் 300.

பெரியப்பா: என் கிளையில் இப்படி ஏழு பேர் இருந்தார்கள். கேரம் நன்றாக ஆடுவார்கள்.

காலை 10:25

கார்த்தி: பார்த்துவிட்டேன். ஏழில் நான்கு பேருக்கு ஒப்பந்தமே கிடையாது, ஆட்டத்துக்கு ஆட்டம் வருபவர்கள். எந்த நேரமும் அனுப்பலாம், காசு தர வேண்டாம். மீதி மூவருக்கும் மே வரை இருக்கிறது. இப்போது நீக்கினால் மிச்சச் சம்பளத்தை எண்ணி வைக்க வேண்டும். அதனால் கீழ்ப்படி கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பலாம், பாதிச் சம்பளம் அவர்கள் தருவார்கள்.

பிரியா அக்கா: நீ வெளியிலிருந்து லோனில் எடுத்தவர்கள்? அவர்கள் சம்பளம் யார் தருவது?

கார்த்தி: ஒரு விங்கர் இருக்கிறான், முழுச் சம்பளமும் நான்தான். 500. அவனையும் திருப்பி அனுப்புகிறேன். ஸ்கவுட்டிங் பேக்கேஜையும் (ஆள் தேடும் செலவு) குறைத்தால் மாதம் 1,500. எல்லாம் சேர்த்து மாதம் குறைந்தது 10,500 மிச்சம்.

பெரியப்பா: ஓட்டை 25,000இலிருந்து 14,500. பரவாயில்லை. வாரம் 900 என்று ஒருவன் தெரிகிறானே, யார் அவன்?

கார்த்தி: கேப்டன். ஸ்ட்ரைக்கர். 34 வயது.

பெரியப்பா: எத்தனை கோல்?

கார்த்தி: நான்கு.

பெரியப்பா: 😐

மீனா சித்தி: 34 வயதில் நீக்கினால் அவன் எங்கே போவான்? குழந்தை குட்டி இருக்கும்.

கார்த்தி: சித்தி, அவன் கேமில் மட்டும்தான் இருக்கிறான்.

மீனா சித்தி: இருந்தால் என்ன.

முரளி மாமா: அண்ணே, அவனைத் தொடாதீர்கள். டீமில் பாதிப் பேர் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள். அவனை வெளியேற்றினால் மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். நான்கு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் டிக்கெட் பணமும் போச்சு.

பிரியா அக்கா: புது ஒப்பந்தம் பேசு கார்த்தி. இன்னொரு வருடம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல், வாரச் சம்பளத்தை 450 ஆக்கு, ஆடினால் ஆட்டத்துக்கு 150. அந்த வயதில் ஒரு வருட உத்தரவாதம்தான் பெரிது. ஆடாத வாரம் உனக்கு லாபம்.

பெரியப்பா: நல்ல யோசனை. ஒப்பந்தம் என்றதும் கேட்கிறேன், மற்றவர்களுக்கு என்னவெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாய்?

கார்த்தி: கோல் போனஸ் சிலருக்கு. அப்புறம் மேலே ஏறினால் சம்பளம் 25 சதவீதம் கூடும் என்று ஒரு ஷரத்து.

பெரியப்பா: எத்தனை பேருக்கு?

கார்த்தி: பதினொரு பேருக்கு. அதைக் கொடுத்தால் இப்போதைய சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் பெரியப்பா. கோடையில் அது இலவசம் மாதிரி தெரிந்தது.

பெரியப்பா: இப்போது எத்தனையாவது இடம்?

கார்த்தி: நான்கு. முதலிடம் நேராக மேலே போகும். இரண்டிலிருந்து ஏழுவரை பிளே-ஆஃப், அதில் ஒரு டீம்.

பெரியப்பா: அப்படியானால் இந்த வருடம் ஜெயிக்காதே.

முரளி மாமா: அண்ணே!!!

பெரியப்பா: கோபப்படாதே முரளி. கையில் காசில்லாதவன் மேலே போனால் என்ன ஆகும்? பதினொரு பேர் சம்பளம் ஒரே நாளில் ஏறும். அங்கே இருப்பவர்களோடு மோத இவன் இன்னும் பத்துப் பேரை எடுப்பான். நன்றாக ஓடிய கடைக்காரன் இரண்டாவது கடை திறந்துதான் முதல் கடையையும் மூடுவான். எத்தனை ஃபைல் பார்த்திருக்கிறேன்.

முரளி மாமா: மேலே போகத்தானே ஆடுவது? ஐந்தாம் படிக்குப் போனால் கூட்டம் கூடும், ஸ்பான்சர் கூடும்.

பெரியப்பா: எவ்வளவு கூடும் என்று எழுதிக் கொடு. அப்புறம் பேசலாம்.

பிரியா அக்கா: நிஜ டார்க்கீக்கு என்ன ஆனது தெரியுமா மாமா? இதே 2023-24 சீசன். பணம் போட்டவர் விலகப் போகிறேன் என்றதும் விஷயம் திவால் நிர்வாகி வரை போய், லீக் 10 புள்ளியைப் பிடுங்கியது. இன்னும் மேலே, தொழில்முறை லீக்கில் இருந்திருந்தால் 12.

முரளி மாமா: சரி சரி. பிளே-ஆஃப் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடு கார்த்தி.

காலை 11:10

கார்த்தி: ஒரு ஆஃபர் வந்திருக்கிறது! போன மார்ச்சில் நம் அகாடமியிலிருந்து வந்த பையன், 18 வயது, லெஃப்ட் பேக், சம்பளம் வெறும் 150. மூன்றாம் படியான லீக் ஒன் கிளப் ஒன்று 70,000 ரொக்கம் தருகிறதாம். நான் பேரம் பேசிப் பார்த்தேன். 45,000 கொடுத்து, அவனை அடுத்து விற்கும்போது வரும் பணத்தில் 30 சதவீதம் தரவும் தயார் என்கிறார்கள்.

பெரியப்பா: ரொக்கம்.

பிரியா அக்கா: பங்கு.

முரளி மாமா: பங்குதான். ஆலி வாட்கின்ஸ் எங்கே பிறந்தான்? டார்க்கீயில். எக்ஸிட்டர்தான் வளர்த்தது. 2017இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்கும்போது அடுத்த விற்பனையில் பங்கு என்று எழுதி வாங்கினார்கள். 2020இல் ஆஸ்டன் வில்லா சுமார் 2.8 கோடி பவுண்டு கொடுத்து அவனை எடுத்தது. எக்ஸிட்டர் சும்மா இருந்தே சம்பாதித்தது. 2024 யூரோ அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடித்தானே, அவன்தான்.

பெரியப்பா: ஒரு வாட்கின்ஸ் வந்தான். வராதவர்கள் எத்தனை பேர்?

பிரியா அக்கா: அப்பா, வித்தியாசம் 25,000. நேற்றுவரை அவனுடைய ஒரு மாத ஓட்டை. அதற்காகக் காலம் முழுக்க வரும் பங்கை விடுவதா?

பெரியப்பா: மே வரை ஐந்து மாதம், 14,500 வீதம் 72,500. பழைய 41,000 சேர்த்தால் 1,13,500. ரொக்கம் வாங்கினால் 43,500 மைனஸில் ஜூலையைத் தொடுவான். பங்கு என்றால் 68,500. கேப்டன் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் குறையும். அந்த கிளப் தலைவர் அதுவரை பொறுப்பாரா?

கார்த்தி: 60,000 தாண்டினால் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைக்கிறேன். போனமுறை அப்படித்தான்.

பிரியா அக்கா: திட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கார்த்தி: [வாக்கெடுப்பு] லெஃப்ட் பேக் பையன்: 70,000 ரொக்கம் / 45,000 + 30 சதவீதம்

மீனா சித்தி: விற்க வேண்டாம் என்று ஒன்று போடு.

கார்த்தி: [வாக்கெடுப்பு] 70,000 ரொக்கம் / 45,000 + 30 சதவீதம் / விற்க வேண்டாம்

அப்பா: ரொக்கத்தில் அழுத்திவிட்டேன். இது எதற்கு? கடன் விஷயம் முடிந்ததா இல்லையா?

மதியம் 12:30

கார்த்தி: ரொக்கம் 2, பங்கு 2, விற்க வேண்டாம் 1. என் ஓட்டு பங்குக்கு.

பெரியப்பா: சரி. குழுவின் முடிவு. 30ஐ 35 ஆக்கிக் கேட்டுப் பார்த்தாயா?

கார்த்தி: கேட்டேன், பேச்சையே முறித்துக்கொள்ளப் பார்த்தார்கள். 30இல் முடித்துவிட்டேன்.

மீனா சித்தி: பாவம், 18 வயதுப் பிள்ளை.

இரவு 10:50

கார்த்தி: நிலவரம். நான்கு பேர் போய்விட்டார்கள். மூவர் லோனில். விங்கரைத் திருப்பி அனுப்பியதில் அவன் கிளப்புக்கு வருத்தம், அடுத்தமுறை ஆள் தருவார்களா தெரியாது. கேப்டன் 450க்கு ஒப்புக்கொள்ளவில்லை, 500க்குக் கையெழுத்துப் போட்டார். உள்ளூரில் ஒரு ஆட்டம், 1-1. கோல் கேப்டன்.

மீனா சித்தி: 👏👏👏

முரளி மாமா: சொன்னேன் இல்லையா!

பெரியப்பா: அந்த ஆட்டத்துக்கு அவனுக்கு 150 சேர்த்து எழுதிக்கொள்.

திங்கள், காலை 6:05

பெரியப்பா: [படம்: காலை வணக்கம், தாமரை]

பெரியப்பா: கார்த்தி, நம் பையன் புது இடத்தில் ஆடினானா?

கார்த்தி: பெஞ்சில்தான் பெரியப்பா.

பெரியப்பா: உட்கார வைக்கவா வாங்கினார்கள்? ஆடினால்தானே விலை ஏறும்?

மீனா சித்தி: நான் அப்போதே சொன்னேன்.

கார்த்தி: கேமில் இன்னும் ஜனவரி 9ஆம் தேதிதான் பெரியப்பா.

பெரியப்பா: சரி. பத்தாம் தேதியை ஓட்டிவிட்டு ஆபீஸ் கிளம்பு.