மழையில் நனைந்ததும் தெளிந்துவிடும் ஃபிராஸ்டட் கண்ணாடி: வெளிச்சம் குறையாமல் மறைக்க என்ன வழி?

கேள்வி:
வணக்கம். சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறைச் சன்னல் கிழக்குப் பார்த்தது. பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி அதற்கு நேரெதிரே ஆறடி தூரத்தில் இருக்கிறது. சாண்ட் பிளாஸ்டிங் செய்த (மணலை வேகமாகப் பீய்ச்சி மங்கலாக்கிய) கண்ணாடிதானே என்று இதுவரை கவலையின்றி இருந்தோம். ஐப்பசி மழையில் சாரல் அடித்த அன்று, நனைந்த இடமெல்லாம் கண்ணாடி தெளிந்து, படியேறியவரின் சட்டைக் கட்டங்கள்வரை எனக்குத் தெரிந்தன. அவருக்கும் நான் அப்படித்தானே தெரிந்திருப்பேன் என்று நினைத்ததும் உடல் கூசிப்போனது. திரை போட்டால் பகலிலேயே விளக்கு எரிக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் ஏதேனும் குறையா?

பதில்:
கண்ணாடியில் குறையில்லை, சகோதரி. அதன் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். விரலால் தடவினால் தெரிந்துவிடும். ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எந்த அளவுக்கு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) காற்றுக்கு 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5 என்று இருப்பதால், சொரசொரப்பில் பட்ட ஒளி பல திசைகளில் சிதறி உருவத்தைக் கலைக்கிறது. தண்ணீருக்கு அது 1.33, நுண்குழிகளை நீர் நிரப்பியதும் வேறுபாடு சுருங்கி, ஒளி பெரும்பாலும் நேராகக் கடந்துவிடுகிறது. திருப்பிப் பொருத்தினாலும் குளிக்கும் நீர் தெறித்து அதே தொல்லை வரும். ஆகவே வழுவழுப்பான உள்பக்கத்தில் பால்வெள்ளை ஃபிலிம் (கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்கள். மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பான ஃபிலிமும் நனைந்தால் தெளியக்கூடும் என்பதால், கடையிலேயே ஈரவிரல் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

மற்றொரு பதில்:
முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ஃபிலிமைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும்வரைதான் அது மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் எல்லாம் வெளியே தெரியும். பால்வெள்ளை ஃபிலிமை ஒட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் நீரைத் தள்ளுங்கள். ஓரங்களில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், சட்டத்தில் இடித்து ஃபிலிம் எழும்பாது. வீட்டைக் காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடேற்றினால் எளிதாக உரிந்து வரும்.

கேள்வி கேட்டவர்:
தடவிப் பார்த்தேன், வெளிப்பக்கம்தான் சொரசொரப்பு. ஈரவிரல் சோதனையில் முதல் ஃபிலிம் தெளிந்துவிட்டது, இரண்டாவது மங்கலாகவே இருந்ததால் அதை ஒட்டினோம். நேற்றைய சாரலின்போது என் கணவர் எதிர்ப்படியில் நின்று பார்த்தார். விளக்கெரிந்தும் உருவம் பிடிபடவில்லை என்றார். ஆனால் கண்ணாடியை ஒட்டி நின்றால் நிழல் விழுகிறதாம். அதற்காக விளக்கைச் சன்னலுக்கு மேலே மாற்றப் போகிறோம். உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி.