புதுப்பிப்பு: வேலூர் மண்டபத்தில் வயிறு தள்ளிய வண்ணக்கண்ணாடி

எங்கள் பழைய கான்கிரீட் மண்டபத்தின் ஆளுயர வண்ணக்கண்ணாடி வளைந்துபோய் மழைநீர் கசிகிறது என்று கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

வெளியே பாதுகாப்புக்குப் போட்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டைச் சந்தேகப்படச் சொன்னவரின் கணிப்புதான் சரி. சுற்றிலும் சிலிகான் வைத்து அடைத்திருந்ததால் உள்ளே காற்றோட்டமே இல்லை. வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்? சூட்டில், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டை விரிந்து தளர்ந்திருந்தது. பட்டையின் இடுக்கை அடைக்கும் மக்கு (புட்டி) உதிர்ந்திருந்தது; அதைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியைப் பலகையில் படுக்கவைத்து, மெல்ல எடை ஏற்றி நிமிர்த்தினோம். அப்புறம் ஆளிவிதை எண்ணெயில் சாக்பொடி குழைத்த புது மக்கு. கண்ணாடியைத் தாங்கும் குறுக்குக் கம்பியோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் ஒரு கட்டு. தகட்டுக்கு மேலும் கீழும் இப்போது இடைவெளி இருக்கிறது.

எதிர்பாராதது: ஈரப்பஞ்சு பட்டதும், கண்ணாடியில் வரைந்திருந்த உருவத்தின் முகத்திலிருந்த கறுப்புக் கோடுகள் கரைந்து வந்தன. சூளையில் சுடாத வண்ணமாம். அங்கே துடைப்பதையே நிறுத்திவிட்டோம். ஈயத்தூசிக்கு முகமூடி, கையுறை கட்டாயம்.