டிஸ்கோ எலிசியம் ஆர்பிஜிதானா?

முகில்:
2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற வீடியோ கேமை எங்கே தேடினாலும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்) என்றே போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கினேன். வாளும் இல்லை, தனியாகச் சண்டை என்று ஒன்றும் இல்லை. நினைவு தப்பிய போலீஸ்காரன், மரத்தில் தொங்கும் பிணம், பக்கம் பக்கமாகப் பேச்சு. அருமையான கதை, மறுக்கவில்லை. ஆனால் இது துப்பறியும் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாமே? நாவலுக்கும் சினிமாவுக்கும் அப்படித்தானே வகை சொல்கிறோம்?

செங்கதிர்:
நாவலை எல்லோரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறோம் முகில். கேம் அப்படியா? 2011-ல் வந்த எல்.ஏ. நுவாரும் துப்பறியும் கதைதான். அதில் கார் ஓட்டுகிறோம், சுடுகிறோம், சாட்சியின் முகத்தைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று முடிவெடுக்கிறோம். இரண்டும் ஒரே வகையா? கேமில் நாம் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் வகை.

டிஸ்கோவின் முதல் அறையை நினைத்துப் பாருங்கள். மின்விசிறியில் ஒரு டை சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுக்க இரண்டு பகடை உருளும், உங்கள் திறன் புள்ளி அதோடு சேரும். உடல்வலுவுக்குப் புள்ளி போடாமல் தொடங்கியிருந்து பகடையும் கைவிட்டால், அங்கேயே மாரடைப்பு, ஆட்டம் முடிந்தது. ஒரு டைக்காக! மொத்தம் 24 திறன்கள் இப்படி. 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டு மேசைமேல் தொடங்கி வைத்ததும் இதைத்தான். வாள் இருந்தால்தான் ஆர்பிஜி என்றில்லை.

தேன்மொழி:
அப்படியானால் ஹாரர்? ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேம் வரிசையில் 4-ல் கேமரா தோளுக்குப் பின்னால், 7-ல் நம் கண்ணே கேமரா. கை செய்யும் வேலை எவ்வளவோ மாறியும் பெயர் மாறவில்லை. பயத்தை வைத்தும் வகை சொல்கிறோமே.

செங்கதிர்:
முழுப்பெயர் சர்வைவல் ஹாரர், அதாவது உயிர்பிழைக்கும் திகில். 1996-ல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஆட்டத்தைச் சேமிக்கக்கூட டைப்ரைட்டருக்கு மை நாடா வேண்டும், அதுவும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். குண்டும் அப்படியே. ‘சர்வைவல்’ என்பது அந்தக் கணக்கு.

முகில்:
சரி, அந்தப் பெயரில் இரண்டும் இருக்கிறது. அதே மாதிரி ‘துப்பறியும் ஆர்பிஜி’ என்று போடட்டும், நான் ஏமாந்திருக்க மாட்டேன். கதை முன்னால் வந்துவிடுகிறது.

தேன்மொழி:
தமிழில் முன்னால் வருவது அடைமொழி முகில். பெயர் பின்னால்தான் இருக்கிறது.

முகில்:
அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனாலும் அந்த டையை இன்றிரவு மறுபடி இழுத்துப் பார்க்கப்போகிறேன்.