கோத்தகிரி மழையே தெரியாத மாடல், 2100-ஐச் சொல்லுமா?

கோடநாடு_காற்று: காலநிலை மாடல்கள் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகின்றன. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். 2,637 மீட்டர் தொட்டபெட்டா, சராசரியில் கரைந்து ஒரு மேடாகிவிடும். அவலாஞ்சியில் கொட்டித் தீர்க்கும் நாளில் கோத்தகிரியில் தூறலோடு நின்றுவிடுவதை இது எப்படிப் பிடிக்கும்? மேகமே பிடிபடாதவர்கள் சொல்லும் சூட்டை மட்டும் நம்ப வேண்டுமா?

குன்னூர்_அக்கா: மேகம் கட்டத்தைவிடச் சிறியது, அதனால் உத்தேச விதிகளால்தான் போடுகிறார்கள். பிசகும் தெரிந்ததுதான். வெப்பமண்டலக் கடல்மேல் பல மாடல்களில் தாழ்மேகம் குறைவாக வருகிறது. வருவதோ அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கிறது. இரண்டும் ஈடுகட்டி, திரும்பும் வெயிலின் மொத்தம் செயற்கைக்கோள் அளவை ஒட்டி வந்துவிடுகிறது.

கோடநாடு_காற்று: அக்கா, இரண்டு தப்பு செய்து விடையைச் சரியாக்கினால் எங்கள் கணக்கு வாத்தியார் பிரம்பை எடுப்பார்! சதுர மீட்டருக்கு வரும் வெயில் சராசரி 340 வாட். சுமார் 100 திரும்புகிறது, ஏறக்குறைய பாதி மேகத்தின் வேலை. கரியமில வாயு இரட்டித்தால் கூடுவது 4 வாட்டுக்குள். மேகத்தில் நாலு வாட் பிசகினால் என்ன மிச்சம்?

கொழுந்து: வெயிலை மட்டும் பேசுகிறீர்களே. ஜனவரி ராத்திரி மேகம் மூடினால் எங்களுக்கு நிம்மதி, உறைபனி விழாது. வானம் தெளிந்தால்தான் தேயிலை கருகும். மேகம் சூட்டைப் பிடித்தும் வைக்கும் சார்.

குன்னூர்_அக்கா: அதேதான். தம்பி, பிசகு இருந்தால் சூடு குறையும் என்று எப்படித் தாவினீர்கள்? அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மேகம் தண்ணீர்த் துளியாகவே நிற்கிறது. பழைய மாடல்கள் அதில் பனிக்கட்டியை அதிகம் வைத்தன. சூடேறும்போது அது துளியாகி இன்னும் வெளுத்து, வெயிலைத் திருப்பி, சூட்டைக் கொஞ்சம் தடுத்தது. திருத்தியதும் அந்தத் தடை சுருங்கியது. வாயு இரட்டித்தால் ஏறும் என்று மாடல்கள் சொல்லும் வெப்பத்தின் மேல்முனை 4.7 டிகிரியிலிருந்து 5.6-க்குப் போனது, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடநாடு_காற்று: அந்த 5.6-ஐ ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியே ஏற்கவில்லையே! 2021 அறிக்கை 2.5 முதல் 4 என்றுதானே சொன்னது?

குன்னூர்_அக்கா: ஆமாம், பழங்காலத் தடயங்களையும் அளந்த வெப்பத்தையும் சேர்த்துச் சொன்னது. 2013-இல் கீழ்முனை 1.5. அது 2.5-க்கு ஏறியதை வசதியாக விட்டுவிட்டீர்கள். கோத்தகிரி மழைக்கு நானும் இந்த மாடலைக் கேட்கமாட்டேன்.

கோடநாடு_காற்று: நீங்கள் கேட்கமாட்டீர்கள். 2050-இல் எந்தச் சரிவில் தேயிலை நிற்கும் என்று கூட்டம் போட்டுப் படம் காட்டுகிறவர்கள் கேட்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?